திங்கக்கிழமைக்கு முந்தின சாப்பாடு

திருவிழா இல்லீங்க அத்தை. திருவிழான்னா நீங்கதான் மொத ஆளாப் பட்டுச்சீல கட்டிக்கிட்டு வந்து நின்னிருப்பீங்களே. அப்புறம் என்னமோ சொன்னீங்க, ஊர் சுத்தறேன்னு. ஆமாங்க, நாக்குல கட்டி இருக்கற மனுசனைத்தான் ஓட்டல் ஓட்டலாக் கூட்டிக்கிட்டுச் சுத்தறேன். நாக்கு முழுசா இருக்கறப்பத்தானே சுத்த முடியும், ஒரு பக்கத்த வெட்டி எடுத்ததுக்கு அப்புறமாக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமாம். போயிருக்கலாம்தான், நீங்க போயி வேண்டிக்கங்க, ஆளுக்கொரு வேலை. இத்தனையும் பவதாரணி வாயத் திறந்து சொன்னதில்ல. ஃபோன் எப்பவோ கட்டாயிருச்சு. ருக்குமணி அத்தை காங்கேயத்துல இருந்து கூப்பிட்டு, கேக்கறதெல்லாம் கேட்டுப்போட்டு, பதில் வர்றதுக்குள்ள வெச்சிருச்சு. அத்தை எப்பவும் அப்படித்தான். சட்டம் படிக்கற புள்ளைகிட்டப் பதில் கேட்டு நின்னா என்ன ஆகும்னு அதுக்குத் தெரியும். அதனால மிச்சச் சண்டைய பவதாரணி மண்டைக்குள்ளயே போட்டுக்கிட்டு நின்னா. நின்ன எடம் திருவல்லிக்கேணில ஒரு சந்துக்குள்ள இருக்கற மெஸ்ஸு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், உக்கார எடம் இல்ல. சாப்பிடறவங்க ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி ஒருத்தர் நின்னு, அவங்க பிடரியவே பாத்துக்கிட்டு இருக்கணும், அதுதான் இங்க வரிசை. பாக்கறவங்களுக்கும் வெக்கம் இல்ல, சாப்பிடறவங்களுக்கும் கூச்சம் இல்ல. மீன் கொழம்பு வாசமும் வேர்வை வாசமும் ஃபேன் காத்துல சேந்து சுத்துது. அவ அந்தக் கெரகத்துல எரிச்சலாகி ஒரு தூணோரமா ஒதுங்கினா, அப்பா அவ முழங்கையப் புடிச்சு இழுத்தாரு. "அங்க நிக்காத அம்மிணி. இக்கட்ட வா. இந்தக் கண்ணாடிக்காரரு ரசத்துக்கு வந்துட்டாரு பாரு, பக்கத்துல இருக்கறவங்க மோர் கேட்டாச்சு. அந்த நீலச் சட்டை இருக்கறானே, அவன் இன்னும் கொழம்புலயே நீச்சலடிச்சிட்டு இருக்கறான், அவம் பின்னால நின்னா நமக்குப் பொழுது சாஞ்சிரும்." சொல்லிட்டு அந்தக் கண்ணாடிக்காரர் பின்னாடி போயி, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி பையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னாரு நாச்சிமுத்து. முப்பது வருசமா பனியன் கம்பெனிக்கு ஊர் ஊரா லைன் போயி ஆர்டர் புடிச்ச சேல்ஸ்மேன். எந்த ஊர்ல எந்த நேரத்துல எவன் எந்திரிப்பான்னு அவருக்குத் தெரியும். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போவாரான்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

ஏன்னா அவர் இன்னும் சரின்னு சொல்லல. அதுதான் பவதாரணிக்கு முள்ளு. போன வாரம் காமிக்க வந்தன்னிக்கு இங்க ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மா, சின்ன வயசுதான், கைல மருதாணி இன்னும் அழியல, ஒரு தாள்ல நாக்க வரைஞ்சு காமிச்சாங்க. பாக்கறதுக்குச் செருப்போட அடிப்பாகம் மாதிரி இருந்துச்சு. அதுல எடது ஓரமா ஒரு கோடு. இந்தக் கோடு வரைக்கும் எடுத்துருவோம், முன்கையில இருந்து சதை எடுத்து வெச்சுத் தெச்சுருவோம், கொஞ்ச நாளைக்கு மூக்கு வழியா குழாய்ல சாப்பாடு, அப்புறம் கஞ்சி, அப்புறம் கொழைஞ்ச சோறு. பேச்சு மொதல்ல கொழகொழன்னு வரும், பயிற்சி குடுப்போம், போகப் போகத் தெளியும், ஆனா பழையபடி அப்படியே வரும்னு சொல்ல மாட்டேன். இப்பவே செஞ்சா நல்ல வாய்ப்பு இருக்கு, தள்ளிப் போட்டா கழுத்துக்கு எறங்கிரும். எல்லாம் பொறுமையாத்தான் சொன்னாங்க. பவதாரணி அந்தக் கோட்டையே பாத்துட்டு இருந்தா. பேனாக் கோடு. அழிச்சிட்டு வேற எடத்துல போட முடியாதான்னு கேக்கணும்போல இருந்துச்சு, பைத்தியக்காரத்தனமா. அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, எந்திரிச்சு, கும்பிட்டு, "பாக்கலாமுங்க டாக்டர்"ன்னாரு. டாக்டரம்மா சரின்னு எழுதிக்கிட்டு திங்கக்கிழமைக்குப் படுக்கை ஒதுக்கிட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும். நாச்சிமுத்து பொண்ணுக்குத் தெரியும். கடைக்காரன் வேண்டாம்னு சொன்னா அவங்கிட்ட ஆர்டர் வாங்கிடலாம், பாக்கலாம்னு சொல்றவங்கிட்ட உயிர் போனாலும் வாங்க முடியாது, அவன் கதவச் சாத்திட்டு வெளிய நம்மள நிறுத்தி வெச்சுச் சிரிக்கறவன், இதை அவ மூணாங் கிளாஸ் படிக்கறப்பவே அப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. அம்மாகிட்டயும் பாக்கலாம்தான். ரயில்ல ஏர்றப்ப, "நீ திங்கக்கெழம காலைல சேரன் எக்ஸ்பிரஸ்ல வந்துரு, அதுக்குள்ள பாக்கலாம்"ன்னாராம். அம்மா அதைக் கேட்டுட்டு ரெண்டு நாளா அழுதுக்கிட்டே துணி மடிச்சுட்டு இருக்குது, ஆஸ்பத்திரிக்கு எத்தனை லுங்கி வேணும்னு ஃபோன்ல கேக்குது. லுங்கி கட்டிக்க ஆள் வருமான்னு மொதல்ல கேளுங்கம்மான்னு அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்து, நாக்குங்கற நெனப்பு வந்ததும் தன்னோட நாக்கையே பல்லுக்கு நடுவுல வெச்சுக் கடிச்சுப் பாத்தா. எவ்வளவு மெத்துன்னு இருக்கு. இதுல எப்படிக் கத்தி வெப்பாங்க. இத நெனைக்கக் கூடாது.

நெனைக்காம இருக்கறதுக்குத்தான் அவ திட்டம் போட்டா. சனிக்கிழமை காலைல சென்ட்ரல்ல அப்பா எறங்கினதுல இருந்து எந்த வேளைக்கு எங்க. ஹாஸ்டல்ல ஒவ்வொருத்திகிட்டயும் கேட்டு, ரீல்ஸ் பாத்து, அங்க வேண்டாம் கூட்டம் இங்க வேண்டாம் காரம்னு ரெண்டு ராத்திரி சண்டை போட்டு, வக்கீல் கேஸ் கட்டுற மாதிரிக் கட்டினா. அவ வாதம் ரொம்ப எளிசு. நல்லாச் சாப்பிட்டா மனுசனுக்கு வாழணும்னு ஆசை வரும். ஆசை வந்தாச் சரின்னு சொல்வாரு. அத்தைக்கு இதச் சொன்னாப் புரியாது, அத்தைக்கு மருந்துன்னா கசக்கணும். மொத வேளைக்கு நுங்கம்பாக்கத்துல ஒரு எடம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் கொடி. உக்காந்தா மேசையில ஒரு கட்டம்போட்ட ஸ்டிக்கர், அத ஃபோன்ல புடிச்சா மெனு வரும், அதுலயே தட்டினா ஆர்டர் போயிரும். அப்பா ரொம்ப நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்து கதவையே பாத்துட்டு இருந்தாரு. "யாராவது வருவாங்களா?" "யாரும் வரமாட்டாங்கப்பா, நான் சொல்லிட்டேன்." "யார்கிட்ட?" "ஃபோன்ல." "ஃபோன்ல யார்கிட்ட?" அவளுக்கு அப்பச் சிரிப்புதான் வந்துச்சு. கோபுரம் மாதிரி ஒரு நெய் ரோஸ்ட்ட ஒரு பையன் கொண்டாந்து வெச்சுட்டு, காதுல இருக்கற வயர எடுக்காமயே போயிட்டான். அப்பா அவன் முதுகப் பாத்து, "தம்பி, சட்டினி" வரைக்கும் சொல்லி நிறுத்திக்கிட்டாரு. ரோஸ்ட்ட ஒரு ஓரத்துல கிள்ளி, வலது பக்கமா ஒதுக்கி மென்னு, "நல்லா இருக்குது அம்மிணி"ன்னாரு. அந்த நல்லா இருக்குதுக்கு அவ உச்சி குளுந்து போயி, நெய்யி எப்படி, மொறுமொறுப்பு எப்படின்னு தானே எடுத்துச் சொன்னா. மத்தியானம் பிரியாணி. அங்கயும் டோக்கன் எடுத்து, நம்பர் சிவப்பு லைட்டுல வந்தாப் போயி வாங்கிக்கணும். காரம் புண்ணுல பட்டு அவர் கண்ணு கலங்கிப்போச்சு, ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. கலங்கினாலும் எதுத்தாப்புல இருந்த ஒரு குடும்பத்தப் பாத்து, "எந்த ஊருங்க?"ன்னு ஆரம்பிச்சாரு. இவதான், "பேசாமச் சாப்பிடுங்கப்பா, பேசப் பேசத்தான் பல்லு பட்டு வலிக்குது"ன்னு அடக்கினா. அக்கறையாத்தான் அடக்கினா. அவரும் அடங்கிட்டாரு. சாயங்காலம் சௌகார்பேட்டைல ஜிலேபி. அங்க மட்டும்தான் அப்பா மூஞ்சில ஒரு வெளிச்சம். ஜிலேபி சுத்தற சேட்டுகிட்ட, வடக்க லைன் போனப்பக் கத்துக்கிட்ட அரைகுறை இந்தில, தும் கா ஊரு கஹாங், தும் கா பனியன் கித்னா சைஸுன்னு பேசிப் பேசி, கடைசில அந்தாளு அடுப்ப விட்டு எந்திரிச்சு வந்து தன் சட்டை பட்டனக் கழட்டி பனியன் லேபிளக் காமிச்சான். ரெண்டு பேரும் அத வெச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சாங்க. பவதாரணி தட்டுல பாத்தா, ஜிலேபி அப்படியே இருக்கு. ஆனா அவ என்ன முடிவுக்கு வந்தா? இனிப்புதான் ஒத்துக்குது, நாளைக்குப் பாயசம் நல்லா இருக்கற எடமாப் பாக்கணும். சட்டம் படிக்கறவ. சாட்சி கண்ணு முன்னாடி நிக்குது, தீர்ப்ப வேற கேஸுக்கு எழுதிட்டா.

கண்ணாடிக்காரர் மோர் கேட்டாரு. அப்பா அவளப் பாத்துப் புருவத்தத் தூக்கினாரு, சொன்னேன்ல. அவர் இடுப்பு இப்ப பேண்ட்டுக்குள்ள சின்னதாயிருச்சு, பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டிருக்காரு, ஆணியால குத்தினது, நேரா இல்ல. அந்தக் கோணல் ஓட்டையப் பாத்ததும் பவதாரணி கண்ணத் திருப்பிக்கிட்டா. உடனே அத்தை மேல கோவப்பட்டுக்கிட்டா, அது சுலபம். உங்களுக்கு என்ன தெரியும் அத்தை எங்க அப்பாவப் பத்தி. உங்க தம்பிங்கறதால தெரியும்னு நெனப்பு. சனிக்கிழமை ராத்திரி லைன் முடிச்சு வந்து அவர் சாப்பிட உக்காந்தா என்ன நடக்கும்னு தெரியுமா? வீட்ல அம்மா வெச்சது அரிசியும் பருப்பும்தான் இருக்கும். அதுக்கு மேல அப்பா வாயாலயே பரிமாறுவாரு. விருதுநகர்ல எண்ணெய்ல போட்டுப் பொரிச்ச பரோட்டா, விரல்ல தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும், அத நொறுக்கி நடுவுல குழி பண்ணிச் சால்னா ஊத்துவாங்க அம்மிணி, ஊத்தறப்ப ஒரு சத்தம் வரும், உஸ்ஸுன்னு, அந்தச் சத்தத்தையும் பண்ணிக் காமிப்பாரு. திண்டிவனத்துல பஸ் நிக்கற எடத்துல ஒரு கடைல வடைய எடுத்து எச்சா ரெண்டு தட்டு தட்டி எண்ணெய வடிச்சுக் குடுக்கற ஆளு, அந்த ஆளோட கீச்சுக் குரலு. அருப்புக்கோட்டைல ஒரு சர்வர், கொழம்பு கேட்டா வாளியோட சேத்து வீட்டுக் கஷ்டத்தையும் எறக்குவாரு, அவர் மாமியாக்காரிய அப்படியே நடிச்சுக் காமிப்பாரு. பருப்புச் சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே பவதாரணி சால்னாவத் திம்பா, அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிக்கும். ஏழாவதுல சமூக அறிவியல் பரிட்சைல விருதுநகர் எதுக்குப் பேர் போனதுன்னு கேட்டதுக்கு எண்ணெய் பரோட்டான்னு எழுதி வெச்சு, டீச்சர் முட்டை போட்டு அப்பாவக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அப்பா வந்து, ஏனுங்க டீச்சர், நீங்க அங்க போயிருக்கறீங்களா, சாப்பிட்டிருக்கறீங்களா, அப்புறம் எத வெச்சுத் தப்புங்கறீங்கன்னு தன்மையாக் கேட்டு, பேசி, டீச்சருக்குச் சிரிப்பு வந்து, கடைசில அர மார்க்கு வாங்கிட்டுத்தான் வெளிய வந்தாரு. போறப்ப டீச்சர் வீட்டுக்காரருக்கு ரெண்டு டஜன் பனியன் ஆர்டரும். தான் வக்கீலாகணும்னு அவ முடிவு பண்ணது அன்னிக்குத்தான், அத அவ யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்பாகிட்டப் பேச்சுல அவ இது வரைக்கும் ஜெயிச்சதில்ல. காலேஜ்ல சீனியருங்களே அவளப் பாத்தா நடைய மாத்திக்குவாங்க, அவர்கிட்ட மட்டும் தோத்துப்போவா, தோத்துட்டுச் சந்தோசமாப் போயிப் படுத்துக்குவா.

கண்ணாடிக்காரர் எந்திரிச்சதும் அப்பா உக்காந்தாரு, பக்கத்துல மோர் குடிச்ச பொம்பளையும் எந்திரிச்சதுல இவளுக்கும் எடம். எலை வந்துச்சு, தண்ணி தெளிச்சுத் தொடச்சாங்க, கூட்டு, பொரியல், அப்பளம், சோறு. எதுவும் கேக்காமயே வந்து விழுந்துச்சு. கையில வாளியோட நின்ன சர்வர் அப்பா எலையப் பாத்துட்டு ஒரே மூச்சுல, "வஞ்சிரம் வறுவல் இருக்கு நெத்திலி இருக்கு சங்கரா இருக்கு எறாத் தொக்கு சுறாப்புட்டு நண்டு ரோஸ்ட் ஈரல் சுக்கா மூளை வறுவல் கலக்கி கரண்டி ஆம்லெட், என்ன வைக்க?" அப்பா சோத்துல வெச்ச கைய எடுத்துட்டு நிமிந்து உக்காந்தாரு. ரெண்டு நாள்ல அந்த மாதிரி அவர் நிமிந்து உக்காந்து பவதாரணி பாக்கல. "ஆத்தாடி. மூச்சு விடாமச் சொல்லிப்போட்டீங்க. பேரு என்னங்க?" "அந்தோணி." "எந்த ஊரு?" "உவரிப் பக்கம்ணே." "உவரியா. திசையன்வெளைல எனக்கு லைன் இருந்துச்சுங்க. அங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால பாய் கடைல..." "அண்ணே, ஊர்ப்பேச்ச மோருக்கு வெச்சுக்கலாம், பின்னாடி எட்டு பேரு நிக்கான், இப்ப என்ன வைக்க?" பக்கத்து எலைக்காரர் சிரிச்சாரு. பவதாரணிக்குப் பேசாமச் சாப்பிடுங்கப்பான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, என்னமோ அடக்கிக்கிட்டா. "இருங்க, அந்தோணி. நாஞ் சொல்றேன், சரியான்னு பாருங்க. அந்தக் காலத்துல எந்த ஊர் சர்வர் சொன்னாலும் ஒருக்காக் கேட்டு அப்படியே ஒப்பிப்பேன்." வேட்டிய மடிச்சுக் கட்டற மாதிரித் தயாரானாரு. வஞ்சிரம் நல்லா வந்துச்சு. நெத்திலி வந்துச்சு. சங்கரா வந்துச்சு, கொஞ்சம் ஈரமா. எறாத் தொக்குல நாக்கு ஏர்றதுக்குள்ள மூச்சு முந்திக்கிச்சு. அடுத்தது, சுறாவுல, மேல போயித் தொட வேண்டிய நாக்கு தொடாம வழுக்கி, சுயாப்புத்துன்னு விழுந்துச்சு. அப்பா நிறுத்தினாரு. மறுக்காச் சொன்னாரு, மறுக்காவும் அதேதான். மூணாந் தடவை கண்ண மூடிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா, படிக்கட்டு எறங்கற கெழவன் மாதிரி எடம் பாத்துப் பாத்து வெச்சு, சுறாப்புட்டு. நெத்தியில வேர்வை. அந்தோணி ஒண்ணும் காணாதவர் மாதிரி, "நண்டு, ஈரலெல்லாம் விட்டுட்டீங்கண்ணே, ஃபெயிலு"ன்னு சொல்லிட்டு கேக்காமயே வஞ்சிரத்த வெச்சுட்டு நகந்துட்டாரு. அப்பாவும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே எடது கையால தாடையத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு, திருடு போச்சான்னு பாக்கெட்டத் தொட்டுப் பாக்கற மாதிரி.

பவதாரணி தலையக் குனிஞ்சு சோத்தப் பெசைஞ்சா. கொழம்பு ஊத்தாமயே பெசைஞ்சா. எத்தன நாளா இப்படி வழுக்குது? ஃபோன்ல தெனமும் பேசினாரே. யோசிச்சாத்தான் தெரியுது, கொஞ்ச நாளாவே அவர் சின்னச் சின்னதாத்தான் பேசினாரு, ம், சரி, ஆகட்டும், வெச்சரட்டா, எழுத்து பாத்து எடுத்திருக்காரு, கல்லு பொறுக்கற மாதிரி. அவ அத அசதின்னு நெனச்சா. சனிக்கிழமைக் கதைங்க எப்ப நின்னுச்சு? அந்தச் சேட்டு. அந்தப் பையன் முதுகப் பாத்துச் சட்டினின்னு ஆரம்பிச்சு நிறுத்தினது. யாராவது வருவாங்களான்னு கதவப் பாத்துட்டு உக்காந்திருந்தது. சாப்பாட்டுக்கு இல்ல. ஆளுக்கு. இவ கூட்டிக்கிட்டுப் போனதெல்லாம் பேச்சே தேவைப்படாத எடம், பேச வந்த எடத்துலயும் வாய மூடிட்டா. "வலிக்குதாப்பா?" "மீன் பஞ்சு மாதிரி இருக்குது." "நான் மீனக் கேக்கல." அவர் வஞ்சிரத்துல முள்ளெடுத்துச் சதைய மட்டும் அவ எலைக்குத் தள்ளினாரு, அவளுக்கு நாலு வயசு மாதிரி. அப்புறம் அவளப் பாக்காமயே, சன்னமா, மெதுவா, எடம் பாத்துப் பாத்துச் சொன்னாரு. "அம்மிணி, அந்த டாக்டரம்மா சோத்தப் பத்தியே வெலாவாரியாச் சொன்னாங்க. குழாயாம், கஞ்சியாம். அது ஆகும். சோறு எனக்கு எந்த வழியாப் போனா என்ன, போய்ச் சேந்தாச் சரி. ஆனா கடைக்குள்ள போயி, வணக்கமுங்க முதலாளி, புது ரகம் வந்திருக்குதுன்னு சொல்றேன்னு வெச்சுக்க. அவன் என்னன்னு கேப்பான். மறுக்காச் சொல்லுவேன். மறுக்காவும் என்னங்கன்னு கேப்பான். மூணாவது கேக்க மாட்டாம் பாரு. பாவம்னு நெனச்சு ஆர்டரு குடுத்துருவான்." மிச்சச் சோத்த நடுவுக்கு ஒதுக்கினாரு. "அதுதான் எனக்கு ஆகாது. சண்டை போட்டு வாங்கின ஆர்டருதான் ஆர்டரு." ரசம் வந்து எலையில பரவுச்சு, ஓரத்துக்கு ஓடினத அவர் சோத்தால அணை கட்டினாரு. பவதாரணி மண்டைக்குள்ள மறுபடியும் அத்தைகிட்டத் திரும்பினா. உங்க தம்பிக்கு உசுருப் பயம் இல்லீங்க அத்தை. இது வேற பயம். இதுக்குக் கோயிலும் ஆகாது, நான் போட்ட திட்டமும் ஆகாது. ரெண்டு பேரும் தோத்தோம்.

"கொழகொழன்னே பேசுங்கப்பா"ன்னா. வாய்ல சோத்தோட சொன்னதுல அவளோடதே கொழகொழன்னுதான் வந்துச்சு. "எங்க காலேஜ்ல பாதி வாத்தியாருங்க நாக்கு முழுசா வெச்சுக்கிட்டே கொழகொழன்னுதான் பேசறாங்க, அதக் கேட்டே நான் பாஸ் பண்ணிட்டு இருக்கேன்." அப்பாவுக்குப் புரை ஏறிச்சு. தண்ணி குடிச்சுட்டு, "உனக்குப் புரியும் சாமி. ஊருக்கு?" "ஊரு திருப்பிக் கேக்கட்டும். ஊருக்கு வேற என்ன வேலை? நாலு தடவ கேக்கட்டும். பாவம்னு ஆர்டர் குடுத்தா வேண்டாம்னு தூக்கி எறிஞ்சிட்டு வாங்க, நான் போயி சண்டை போட்டு வாங்கிட்டு வர்றேன். நீங்க சொல்லுங்க, நான் ஒரு ஆளா மிச்சம் இருக்கறேன்ல, எங்கூட யாருப்பா வாதாடுவா? உங்களத் தவர எவன் என்னைய ஜெயிச்சான்?" கடைசி வார்த்தை சத்தமா வந்துருச்சு. பக்கத்து எலைக்காரர் அப்பளத்த நொறுக்காம கையிலயே வெச்சுக்கிட்டாரு. அப்பா எலையவே பாத்துட்டு இருந்தாரு. மூஞ்சி எளகிக்கிட்டே வந்துச்சு, அவ பாத்தா, கன்னத்துல என்னமோ ஓடுச்சு, ஒதடு பிரிஞ்சுச்சு, இந்தா வந்துருச்சு, வந்துருச்சுன்னு அவ மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கறப்ப, எச்சக் கையாலயே அவ மணிக்கட்டத் தொட்டு, அவ்வளவு பிரியமா, அவ்வளவு தன்மையா, "பாக்கலாம் அம்மிணி"ன்னாரு.

அவளுக்குப் பத்திக்கிச்சு. அதே சமயத்துல அந்த மணிக்கட்டு, ரசம் ஒட்டின அந்த எடம், அத ஒரு காலத்துக்கும் கழுவக் கூடாதுன்னும் இருந்துச்சு. தனியா இருக்கறப்பக் கேட்டா இந்த மனுசன் இப்படித்தான் வழுக்கிட்டுப் போவாரு. ரூம்ல கேட்டா ஜோக்கடிப்பாரு, ரயில்ல கேட்டா ஜன்னலக் காமிப்பாரு, அம்மா கேட்டா லுங்கிய எண்ணச் சொல்லுவாரு. ஆனா இவர் பேச்சு மாறாத ஒரு எடம் இருக்குது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல, பந்தி நடக்கறப்ப, இதே ருக்குமணி அத்தை, பொட்டப் புள்ளைக்குக் கோர்ட்டு எதுக்கு, வர்ற மாப்பிள்ளையும் ஓடிருவான்னு ஆரம்பிச்சு, மாமனுங்கெல்லாம் ஆமா போட்டாங்க. அது வரைக்கும் அப்பா இவகிட்டயும் பாக்கலாம்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. அன்னிக்கு சாம்பார் கையோட எந்திரிச்சு நின்னு, "எம்பட புள்ள வக்கீலுக்குப் படிக்கும், எல்லாரும் கேட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்து மிச்சத்தச் சாப்பிட்டாரு. அதுக்கப்புறம் வியாபாரம் படுத்துச்சு, கம்பெனி கைமாறுச்சு, கடன்காரன் வாசலுக்கு வந்தான், அந்த ஒரு பேச்சு மட்டும் அசையல. சனம் முன்னாடி சொன்னது. பவதாரணி நாற்காலியப் பின்னால தள்ளினா, பின்னால நின்னவர் கால்ல இடிச்சுச்சு, அவர் ஸ்ஸுன்னாரு. எந்திரிச்சு நின்னா. அப்பா நிமிந்து பாத்து, வேண்டாம்னு கண்ணாலயே சொன்னாரு, கெஞ்சின மாதிரியும் இருந்துச்சு, சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு.

"அந்தோணி அண்ணா, அந்த வாளியக் கொஞ்சம் கீழ வைங்க"ன்னா. "ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. இவுரு எங்கப்பா. பேரு நாச்சிமுத்து, ஊரு திருப்பூரு. இவரு நாக்குல கட்டி இருக்குது. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில போயிச் சேரணும். சேந்தாப் பொழச்சுக்குவாரு, பேச்சு மட்டும் முன்ன மாதிரி வராது. சேரலீன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னத நான் எலை முன்னாடி சொல்ல மாட்டேன்." டம்ளர் சத்தம் ஒவ்வொண்ணா நின்னுச்சு. அடுப்பங்கரைல இருந்து ஒரு ஆளு கரண்டியோட எட்டிப் பாத்தாரு. கொழம்புலயே கெடந்த நீலச் சட்டை கூட வாய மென்னுக்கிட்டே திரும்பிட்டான். ஃபேன் மட்டும் கெடந்து அடிச்சுக்குது. அவ அப்பாவப் பாத்துத் திரும்பினா. கண்ணுல தண்ணி, அதத் தொடைக்கக் கை இல்ல, ஒரு கை எச்சில், இன்னொரு கைய அவர் புடிச்சிருக்காரு, எப்பப் புடிச்சாருன்னு தெரியல. "ப்பா. எங்கிட்டச் சொல்ல வேண்டாம். நான் உங்க புள்ள, எங்கிட்ட என்ன வேணாலும் சொல்லித் தப்பிச்சுக்குவீங்க. இவுங்ககிட்டச் சொல்லுங்க. நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? பாக்கலாம்ங்கற பேச்சு இங்க எடுபடாது. நாக்கு எங்க வழுக்கினாலும் வழுக்கட்டும், எத்தன தடவ வேணாலும் ஆகட்டும், நாங்க கேக்கறோம். எந்திரிச்சு நின்னு, அந்தக் கடைசி எலை வரைக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."